பிள்ளை பெத்த பெறவு வெளிக்கி அடக்க முடியல, இது சரியாகுமா?

முக்கூடல் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். இத யார்ட்ட கேக்கன்னு தெரியாம தான் இங்கன எழுதுதேன், நேர்ல சொல்ல வாய் வர மாட்டேங்கு. எனக்கு மொத பிள்ளை, ஆம்பளப்பிள்ளை, இப்போ அஞ்சாவது மாசம் நடக்கு. ஆபரேஷன் இல்ல, ஆனா ரொம்ப நேரம் முக்கியும் தலை இறங்கலன்னு கடைசில ஆயுதம் போட்டு எடுத்தாவ, பிள்ளை நாலு கிலோவுக்கு கொஞ்சம் தான் கம்மி. கீழ நெறைய தையல்னு மட்டும் சொன்னாவ, எத்தனை எங்கனன்னு ஒண்ணும் சொல்லல.

பிரச்சினை என்னன்னா வாயு வந்தா அடக்க முடியல, வாரதே தெரியாம போயிருது. வெளிக்கி வந்துச்சுன்னா ஒரு நிமிஷம் தாங்காது, பிள்ளைக்கு பால் குடுத்துட்டு இருக்கும்போது வந்தா அப்படியே அத்தை கையில பிள்ளைய போட்டுட்டு ஓடணும். சில நேரம் போயிட்டு வந்து நல்லா கழுவிட்டு உக்காந்தா கூட செத்த நேரங் கழிச்சு பாத்தா உள்பாவாடைல கறை இருக்கு, எப்போ வந்துச்சுன்னே தெரியல. போன வாரம் பீடிக்கடைல நான் சுத்துன பீடிய போட லைன்ல நிக்கேன், எனக்கு முன்னால நாலஞ்சு பேரு தான், கடைக்காரரு ஒவ்வொரு கட்டா பிரிச்சு பாத்து கழிவு எடுத்துட்டு இருக்காரு, எனக்கு வயித்த முறுக்கிட்டு வந்துருச்சு, தட்ட பக்கத்து வீட்டு அக்கா கையில குடுத்துட்டு ஓடுனேன், வீட்டு வாசலுக்கு வர முன்னாலயே எல்லாம் ஆயிப்போச்சு. அன்னைலருந்து நான் கடைக்கு போகல, அத்தை தான் கொண்டு போய் போடுதாவ. பஸ்ஸுல ஏறி திருநெல்வேலி ஜங்ஷன் போகணும்னாலே முந்துன நாள் ராத்திரியே சோறு இறங்கல.

அத்தைட்ட பைய சொன்னேன், பிள்ளை பெத்த ஒடம்பு அப்படித்தான் இருக்கும், எல்லாருக்கும் உள்ளது தான், போகப்போக சரியாயிரும்னாவ. அவங்கள குத்தம் சொல்லல, தினமும் சுடுதண்ணி போட்டு ஊத்தி, லேகியம் கிண்டி, பிள்ளைய ராத்திரி முழிச்சு பாக்கது எல்லாம் அவங்க தான். எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்காரு, லீவுக்கு வந்தா நான் தள்ளித் தள்ளி படுக்கேன், அவருக்கு காரணம் தெரியாது, கோவமோன்னு நெனைக்காரு.

இது சரியாகுமா? எந்த டாக்டர்ட்ட போகணும்? மூலமா இருக்குமோன்னும் தோணுது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மூலம் பவுத்திரம் ஆபரேஷன் இல்லாம குணமாக்கப்படும்னு போர்டு போட்ருக்கான்லா, அங்க போயி காட்டலாமா?

சேர்மாதேவி மைனி

ஏ பிள்ள கவலப்படாத. எனக்கும் மொதப் பிள்ளைக்கு பெறவு வாயு அடங்காம தான் கெடந்துச்சு, ரெண்டு மூணு மாசத்துல தன்னால நின்னுட்டு. ஆனா உனக்கு உள்ள மாதிரி கறை எல்லாம் படல, அதனால எனக்கு வந்ததும் இதும் ஒண்ணான்னு சொல்லத் தெரியல. வெளிய கல்யாண வீடு காதுகுத்துன்னு போகணும்னா நான் காலைல ஒண்ணும் சாப்பிடாம வெறும் வயித்தோட போயிருவேன். மாதுளந்தொலிய காய வச்சு கசாயம் போட்டு குடிச்சா வயிறு கட்டும்னு எங்க ஆச்சி சொல்லும், அதையும் செஞ்சு பாரு.

பாளை சிஸ்டர்

தங்கச்சி, நான் பிரசவ வார்டுல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. நீ எழுதினத ரெண்டு தரம் படிச்சேன். நேர்ல பாக்காம இதுதான்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா நீ சொல்றத வச்சு பாத்தா இது மூலம் மாதிரி தெரியல, உன் ஒடம்பு பலவீனமும் இல்ல, பிரசவத்துல பட்ட காயம். காயம்னா அதுக்கு வைத்தியம் உண்டு, மொதல்ல இத மனசுல வச்சுக்க.

ஆசனவாய சுத்தி ரெண்டு வளையமா தசை இருக்கு. உள் வளையம் நம்ம சொல்றத கேக்காது, தூக்கத்துல கூட அது தானா இறுக்கமா மூடி இருக்கும். வெளி வளையம் நம்ம கையில இருக்கு, அவசரம் வரும்போது இறுக்கி பிடிக்கிறோம்லா அது. பிள்ளை தலை வரும்போது கிழிசல் பின்னால ஓடி இந்த வளையம் வரைக்கும் போச்சுன்னா அத மூணாம் டிகிரி கிழிசல்னு சொல்லுவாங்க, அதையும் தாண்டி ஆசனவாயோட உள்தோல் வரைக்கும் போனா நாலாம் டிகிரி. வெளி வளையத்துல அடி பட்டா வந்ததும் ஓடணும், தாங்காது. உள் வளையத்துல அடி பட்டா தெரியாமலே கசியும். உனக்கு ரெண்டும் இருக்குன்னு சொல்ற. தசை மட்டுமில்ல, அங்க போற நரம்பும் ரொம்ப நேரம் முக்கும்போது இழுபட்டு போயிரும், நரம்பு பைய பைய தேறும், அதுக்கு மாசக்கணக்கு ஆகும்.

இது யாருக்கு வரும்னா மொதப் பிரசவம், பெரிய பிள்ளை, முக்குற நேரம் நீண்டு போறது, பிள்ளை முகம் மேல பாத்து வாரது, ஆயுதம் போடுறது. இடுக்கி மாதிரி உள்ள ஆயுதம் போட்டு எடுத்தா, தலைல கிண்ணம் வச்சு உறிஞ்சி எடுக்கிற வேக்வத்த விட இந்த கிழிசலுக்கு வாய்ப்பு கூடுதல். உன் கதைல இதுல நாலு இருக்கு. உன்னால வந்தது ஒண்ணு கூட இல்ல. அத்தை சொன்ன மாதிரி எல்லாருக்கும் உள்ளதும் இல்ல. அவங்க காலத்துல யாரும் வாய் திறந்து சொல்லாததுனால எல்லாரும் அப்படி நெனச்சுக்கிட்டாங்க, எத்தனையோ ஆச்சிமாரு கோவில் கொடைக்கு கூட போகாம வீட்டுக்குள்ளயே கெடந்தது இதனால தான்னு நான் வார்டுல கேட்டு கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன்.

பிரசவத்தன்னைக்கே அத கண்டுபிடிச்சு சரியா தச்சுட்டா, 100 பேர்ல 60லருந்து 80 பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள எந்த தொந்தரவும் இல்லாம ஆயிரும். சிலருக்கு மேல்தோல் நல்லா இருக்கும், உள்ள தசை பிஞ்சிருக்கும், தையல் போடுறவங்க ஆசனவாய்க்குள்ள வெரல் விட்டு பாத்தா தான் தெரியும், பாக்காம விட்டா அப்படியே தோல மட்டும் தச்சு அனுப்பிருவாங்க. அதனால உன் டிஸ்சார்ஜ் பேப்பர எடுத்து பாரு, தேர்ட் டிகிரின்னோ பெரினியல் டியர்னோ (டியர்னா கிழிசல்) எழுதிருக்கான்னு வந்து சொல்லு.

அந்த போர்டு போட்ட இடத்துக்கு தயவு செஞ்சு போகாத. இத நான் கெஞ்சி கேக்கேன். அங்க மூலம்னு சொல்லி ஊசி போடுறது, நூல் கட்டுறது, எதையோ அறுக்கிறது எல்லாம் நடக்கும், படிச்ச டாக்டரான்னு கூட தெரியாது. ஏற்கனவே கிழிஞ்ச தசைல இன்னும் கொஞ்சம் போச்சுன்னா பெறவு சரி பண்றது ரொம்ப கஷ்டம்.

திருநெல்வேலி அரசு பெரியாஸ்பத்திரி, அதான் ஹைகிரவுண்டுல, மகப்பேறு ஓ.பி.க்கு போ. அங்கயே சர்ஜரியும் பிசியோதெரபியும் இருக்கு, ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்கு எழுதி குடுப்பாங்க. உள்ள போனதும் வயிறு சரியில்லன்னு சொல்லாத, அப்படி சொன்னா கூட்டத்துல பூச்சி மாத்திரை எழுதி அனுப்பிருவாங்க. ஆயுதம் போட்டு பிரசவம், அதுலருந்து வாயுவும் மலமும் என் கட்டுப்பாட்டுல இல்ல, தெரியாமலும் கசியுதுன்னு இதே மாதிரி சொல்லு. வாய் வரலன்னா ஒரு துண்டு பேப்பர்ல எழுதி நீட்டு, நெறைய பேரு என்கிட்ட அப்படித்தான் குடுத்திருக்காங்க, ஒருத்தர் கூட கேலி பண்ணல. போறதுக்கு முன்னால வீட்டு நாள்காட்டில எந்த நாள் கசிஞ்சது, அன்னைக்கி என்ன சாப்பிட்ட, மலம் தண்ணியா கட்டியான்னு குறிச்சு வச்சு கொண்டு போனா டாக்டருக்கு பாதி வேலை முடிஞ்சுது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் நல்லா யோசிச்சு சொல்லு. வாயுவோ மலமோ முன்வழில, பிள்ளை வந்த வழில வருதா? அப்படி வந்தா ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை விழுந்திருக்கலாம், அது வேற, பயிற்சில சரியாகாது, ஆபரேஷன் வேணும், லேட் பண்ணக்கூடாது. அதே மாதிரி காய்ச்சல், தையல் போட்ட இடத்துல சீழ், ரத்தம், கால் மரத்துப்போறது, இதுல எது இருந்தாலும் இன்னைக்கே போ.

மைனி, நீங்க நல்லதுக்கு தான் சொல்லுதீங்க, ஆனா பால் குடுக்கிற தாய பட்டினி போட வேண்டாம். மாதுளந்தொலி வயித்த கட்டிப்போடும், பெறவு முக்கணும், முக்குறது தான் இப்போ இந்த தசைக்கு ஆகாதது.

மேலப்பாளையம் லாத்தா

இத படிச்சிட்டு எழுதாம இருக்க முடியலம்மா. எனக்கு ரெண்டாவது பிள்ளைக்கு பெறவு இதே தான். எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது தொழுகை. ஒளு செஞ்சிட்டு, அதான் தொழுகைக்கு முன்னால கை கால் முகம் கழுவுறது, தொழுகை விரிப்புல நிப்பேன், குனியும்போது வாயு போயிரும், திரும்ப போயி ஒளு செய்வேன், திரும்ப போயிரும், ஒரு லுஹர் (மதியத்) தொழுகைக்கு எத்தன தடவ தண்ணிய தொட்டேன்னு கணக்கே இல்ல, அழுதுக்கிட்டே உக்காந்துருவேன். நோன்பு மாசத்துல பொம்பளைங்க எல்லாம் ஒரு வீட்ல சேந்து தராவீஹ் தொழும்போது நான் மட்டும் பிள்ளைய சாக்கு சொல்லி வீட்லயே இருந்தேன்.

பெறவு எங்க மாமி தான் மார்க்கம் படிச்ச ஆலிமாகிட்ட கேட்டு சொன்னாங்க, அடக்க முடியாத நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு, வக்து, அதாவது தொழுகை நேரம், நுழைஞ்ச பெறவு ஒளு செஞ்சு உடனே தொழு, தொழுகைல போனாலும் அந்த தொழுகை முறியாதுன்னு. அத கேட்டதும் தான் எனக்கு மூச்சே வந்துச்சு. இத இங்க வாசிக்கிற யாருக்காவது தேவைப்படும்னு தான் சொல்லுதேன், உங்க உங்க ஆலிம்சாட்ட ஒரு தடவ கேட்டுக்கோங்க.

வைத்தியத்த பொறுத்தவரைக்கும் எனக்கு ஆபரேஷன் இல்லாமலே நல்லா கொறஞ்சுருச்சு. பிசியோதெரபிம்மா ஒருத்தங்க உள்ள சின்ன குழாய் மாதிரி ஒண்ணு வச்சு, நான் இறுக்கும்போது கம்ப்யூட்டர்ல கோடு மேல ஏறுறத காமிச்சாங்க, பயோஃபீட்பேக்னு பேரு. அது வரைக்கும் நான் தசைய இறுக்குறேன்னு நெனச்சு பிட்டத்தையும் தொடையையும் தான் இறுக்கிட்டு இருந்திருக்கேன், கோடு அசையவே இல்ல. அவங்க சொல்லித் தந்த பெறவு தான் சரியான இடம் பிடிபட்டுச்சு. வாயு இப்பவும் சில நேரம் போகுது, மலம் கசியுறது நின்னு போச்சு அல்ஹம்துலில்லாஹ். ஒங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிருங்கம்மா. நான் சொன்ன அன்னைக்கி எங்க வீட்டு ஆளு ஒண்ணும் பேசல, மறுநாள் காலைல அவர் தான் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுட்டு வந்தாரு.

முக்கூடல் பொண்ணு

சிஸ்டர், லாத்தா, மைனி எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முன்வழில ஒண்ணும் வரல, நல்லா கவனிச்சு பாத்தேன். காய்ச்சலும் இல்ல. டிஸ்சார்ஜ் பேப்பர் பீரோல பிள்ளை பிறப்பு சர்ட்டிபிகேட் கூட இருந்துச்சு, அதுல 3பி டியர், ரிப்பேர்டுன்னு இங்கிலீஷ்ல எழுதிருக்கு. அஞ்சு மாசமா வீட்டுக்குள்ளயே இருந்த பேப்பர், எனக்கு யாருமே வாயால ஒரு வார்த்த சொல்லல. ஆறு வாரங் கழிச்சு வரச் சொன்னதும் பிள்ளைக்கு தடுப்பூசிக்குன்னு தான் நெனச்சோம், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே போட்டுட்டு வந்துட்டோம். இத படிச்சதும் எனக்கு கோவமா வருது, அழுகையும் வருது.

அத்தைட்ட அந்த பேப்பர காமிச்சு சிஸ்டர் எழுதினத வாசிச்சு காட்டுனேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, எனக்கு பெரியவன் பெறக்கும்போது மருத்துவச்சி பாத்தது, எனக்கும் இப்படி தான் இருந்துச்சுன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ஹைகிரவுண்டுக்கு போறோம்.

அதுக்குள்ள வீட்ல என்ன செய்யலாம்? பயிற்சி எப்படி செய்யணும்? நாள் பூரா சம்மணம் போட்டு பீடி சுத்துறதால கெடுதல் உண்டா? எனக்கு ரெண்டு நாள் வெளிக்கி போகாது, மூணாம் நாள் கட்டியா போயி பெறவு தண்ணியா போகும். பத்தியம்னு தண்ணி கம்மியா தான் குடிக்கேன்.

பாளை சிஸ்டர்

3பின்னா வெளி வளையத்துல பாதிக்கு மேல கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம், உள் வளையமும் சேந்து போனா 3சி. அப்போ தச்சிருக்காங்க, அது நல்லது. தச்ச பெறவு இது என்ன, எப்போ வந்து காட்டணும்னு உக்கார வச்சு சொல்லிருக்கணும், சொல்லாதது பெரிய தப்பு, உன் கோவம் நியாயம். வெள்ளிக்கிழமை போகும்போது அந்த பேப்பர ஜெராக்ஸ் எடுத்து கொண்டு போ, ஒரிஜினல குடுத்துராத.

கட்டியா போயி பெறவு தண்ணியா போகுதுன்னா மொதல்ல மாத்த வேண்டியது பத்தியத்த தான். பால் குடுக்கிறவ தாகத்துக்கு நல்லா தண்ணி குடிக்கணும், தண்ணி குடிச்சா பிள்ளைக்கு சளி பிடிக்கும்ங்கிறது உண்மை இல்ல. ராத்திரி ஒரு பாளையங்கோடன் பழம், சோத்துல கீரை, அவியல் கூட்டுன்னு காய். லேகியத்த நிறுத்த சொல்லல, அளவா எடு. பிரசவத்துக்கு பெறவு குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்த கட்டும், நீயா நிறுத்தாம டாக்டர்ட்ட சொல்லு. மருந்துக்கடைல இசப்கோல்னு உமி மாதிரி கெடைக்கும், ஒரு ஸ்பூன ஒரு தம்ளர் தண்ணில கலக்கி உடனே குடிச்சிட்டு மேல இன்னொரு தம்ளர் தண்ணி குடி. அது ரத்தத்துல சேராது, பாலுக்கு ஒண்ணும் ஆகாது. கட்டியா இருந்தா எளக்கும், தண்ணியா இருந்தா அந்த தண்ணிய இழுத்து பதமாக்கும். வாழைப்பழம் மாதிரி முழுசா, வழவழன்னு போற பதம் தான் நமக்கு வேணும், அந்த பதத்துல இருந்தா அடிபட்ட தசையும் தாங்கும். பேதிய நிறுத்துற மாத்திரைய நீயா வாங்கி போடாத, அது டாக்டர் சொன்னா மட்டும்.

காப்பி குடிச்சதும் குடல் முழிச்சுக்கிடும். அத நீ பயன்படுத்திக்க. காலைல கருப்பட்டி காப்பியோ எதையாவது சூடா குடிச்சிட்டு கொஞ்ச நேரத்துல போயி உக்காரு, முக்காத, அவசரப்படாத, பிள்ளைய அத்தை பாத்துக்கிடட்டும். தினமும் அதே நேரம் பழக்கப்படுத்திட்டா பீடிக்கடைக்கு போற நேரம் வயிறு காலியா இருக்கும். வெளிய கெளம்பும்போது மட்டும் காப்பிய தவிர்த்துரு.

பயிற்சி. மொதல்ல படுத்துக்கிட்டு செய், உக்காந்து நின்னு செய்றது பெறவு. கூட்டத்துல வாயு வந்தா எப்படி உள்ள இழுத்து பிடிப்ப, அந்த தசைய மட்டும் உள்ள மேல இழு. மூச்ச பிடிக்காத, வயித்த எக்காத, லாத்தா சொன்ன மாதிரி பிட்டமும் தொடையும் அசையக்கூடாது, கைய பிட்டத்து மேல வச்சு பாத்தா தெரிஞ்சிரும். முடிஞ்ச மட்டும் பிடி, மொதல்ல ரெண்டு மூணு எண்ணிக்கை தான் வரும், போகப்போக பத்து வரைக்கும் கூட்டு. பிடிச்ச அளவுக்கு விடவும் செய்யணும், விடுறதும் பயிற்சி தான். எட்டு பத்து தடவ, கடைசில டக்கு டக்குனு கொஞ்சம், ஒரு நாளைக்கு மூணு வேளை. கொறஞ்சது மூணு மாசம் விடாம செஞ்சா தான் பலன் தெரியும், ரெண்டு வாரத்துல ஒண்ணும் தெரியலன்னு விட்றாத. நல்லா பழகுன பெறவு பீடி சுத்தும்போது தட்ட மடில வச்சுக்கிட்டே செய்யலாம், வெளிய யாருக்கும் தெரியாது. சம்மணம் போடுறதால கிழிசல் அதிகமாகாது, ஆனா மணிக்கணக்கா அசையாம உக்காராத, இடையில எந்திரிச்சு நட. குடம் தூக்குறது, மாவு வாளி தூக்குறது எல்லாம் இப்போதைக்கு வேற யாராவது செய்யட்டும், தூக்கியே ஆகணும்னா மொதல்ல தசைய இறுக்கிட்டு தூக்கு.

கழுவுன பெறவு துணிய வச்சு தேய்க்காத, ஒத்தி எடு. வாசன சோப்பு வேண்டாம், வெறும் தண்ணி போதும். எரிச்சல் இருந்தா பிள்ளைக்கு தடவுற துத்தநாக கிரீம் உனக்கும் ஆகும்.

அம்பை தம்பி

சிஸ்டர், நான் ஆம்பள, இங்க எழுதலாமான்னு தெரியல. எங்க அம்மாவுக்கு அறுபது தாண்டிட்டு, இந்த ரெண்டு மூணு வருஷமா இதே பிரச்சினை, எங்கயும் வர மாட்டேங்காங்க, நெல்லையப்பர் கோவில் ஆனித் தேருக்கு வருஷா வருஷம் டவுனுக்கு வருவாங்க, இப்போ கேட்டா கால் வலின்னு சொல்லுதாங்க. எங்க அக்காட்ட மட்டும் தான் விஷயத்த சொல்லிருக்காங்க. பிரசவம் ஆகி நாப்பது வருஷம் ஆச்சே, இதுவும் அதனால இருக்குமா? இந்த வயசுல ஏதாவது செய்ய முடியுமா?

பாளை சிஸ்டர்

எழுதுங்க தம்பி, எழுதினது நல்லது. அப்போ பட்ட அடிய இளவயசுல மத்த தசை எல்லாம் தாங்கிக்கிடும், மாதவிடாய் நின்னு வயசு ஏறும்போது தசை தளரும், அப்போ தான் வெளிய தெரியும். சுகரு இருந்தாலும் நரம்பு பாதிக்கும். ஆனா அம்மாவுக்கு புதுசா மலம் போற விதம் மாறியிருந்தா, ரத்தம் போனா, எடை கொறஞ்சா பழைய பிரசவம்னு சும்மா விட்றாதீங்க, குடல மொதல்ல பாக்கணும்.

வயசு ஆயிருச்சுன்னு வைத்தியம் இல்லாம போகல. இசப்கோல், நேரத்துக்கு போறது, பயிற்சி எல்லாம் அவங்களுக்கும் உண்டு. அதுல சரியாகலன்னா ஆசனவாய்க்குள்ள சின்ன ஸ்கேன் வச்சு எந்த எடத்துல தசை விட்டிருக்குன்னு பாப்பாங்க, மனோமெட்ரின்னு ஒண்ணு, இறுக்குற பலத்த அளக்கும். அத பாத்துட்டு தசைய தச்சு சேக்கிற ஆபரேஷன் இருக்கு, முதுகுக்கு கீழ நரம்புக்கு சின்ன கரண்டு குடுக்கிற கருவி வைக்கிறதும் இருக்கு. அந்த கருவி எல்லா ஊர்லயும் கெடையாது, பெரிய ஊருக்கு எழுதி குடுப்பாங்க. எங்க போகணும்னு தெரியலன்னா அரசு சுகாதார உதவி எண் 104க்கு போன் போட்டு கேக்கலாம். அம்மாவ அக்கா கூட அனுப்புங்க, உங்க முன்னால சொல்ல மாட்டாங்க.

முக்கூடல் பொண்ணு

சிஸ்டர் இன்னும் ஒண்ணே ஒண்ணு. அடுத்த பிள்ளை பெத்துக்கலாமா? அவரு ரெண்டு வேணும்னு சொல்லுதாரு.

பாளை சிஸ்டர்

பெத்துக்கலாம். ஆனா இந்த தொந்தரவு முழுசா சரியாகுற வரைக்கும் தள்ளிப் போடு, அதுக்கு என்ன வழின்னு வெள்ளிக்கிழமை போகும்போதே கேட்டுக்க. அடுத்த தடவ மாசமானதும் மொத செக்கப்லயே 3பி கிழிசல் இருந்துச்சுன்னு சொல்லிரு. அப்போ கசிவு எதும் இல்ல, தசையும் நல்லா இருக்குன்னா சாதாரண பிரசவம் பாக்கலாம், தொந்தரவு இருந்தா இல்லன்னா ஸ்கேன்ல தசை விட்டிருந்தா ஆபரேஷன் பண்ணி எடுக்கிறத பத்தி பேசுவாங்க. வலி எடுத்து போயி நிக்கும்போது இத பேச நேரம் இருக்காது, முன்னாலயே டாக்டர்ட்ட பேசி உன் நோட்ல எழுதி வாங்கிக்க.